காக்காவைத் தாத்தா என்றவள்

திருச்சியிலிருந்து கல்யாணமாகி இலங்கை மலைநாட்டுக் கந்தப்பளைக்கு வந்த புதிதில், கடையில் பாண் என்கிற ரொட்டி வாங்க நின்றபோது ஒரு சிங்களச் சிறுமி "தாத்தா, தாத்தா" என்று கூப்பிட்டாள். கிழவர் யாரென்று தேடினேன். திரும்பிப் பார்த்தவன் கருகருவென்று மீசை வைத்த இளைஞன். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா என்று என் கணவர் சிவா சிரித்தபடி சொன்னார். கடல் தாண்டினாலும் நீ தமிழ் ஊருக்குத்தான் போகிறாய் என்று சொல்லித்தான் வீட்டில் அனுப்பினார்கள். தமிழ் ஊர்தான். ஆனாலும் காதில் விழுவதை இரண்டாம் முறை யோசித்துத்தான் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

எங்கள் மகள் கவிதாவுக்குப் பேச்சு வந்தபோது 'க' மட்டும் வரவில்லை. அது இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் 'த' வந்தது. கதவு ததவானது. தன் பெயரைத் தவிதா என்றாள். கூரையில் வந்து உட்காரும் காக்காவைத் தாத்தா என்றாள். வீட்டில் எங்களுக்கு எல்லாம் புரிந்தது. மழலை, தானாகச் சரியாகும் என்று இருந்தோம். திருச்சியில் எங்கள் தெருவில் 'ர' வராத ரவியை எல்லோரும் 'யவி' என்றுதான் கூப்பிட்டார்கள். அவன் கல்யாணப் பந்தலில்கூட நண்பர்கள் அப்படித்தான் கத்தினார்கள். இதற்கு வைத்தியம் உண்டு என்று அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

முதலாம் வகுப்பில் சேர்ந்து சில மாதங்களில் ஆசிரியை என்னைக் கூப்பிட்டனுப்பினார். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். "உங்கட பிள்ளை வகுப்பில கதைக்கிறதே இல்லை," என்றார். வீட்டில் வாய் மூடாத பிள்ளையாயிற்றே என்றேன். அவர் மேசையைப் பார்த்தபடி சொன்னார்: "முதல் எல்லாம் கதைச்சவ. ஒருநாள் என்னட்ட வந்து தத்தூஸ் எண்டு என்னவோ கேட்டவ. எனக்கு விளங்கேல்லை. போய் இரும் எண்டு சொல்லிப்போட்டன். பிறகு இருந்த வாங்கிலேயே பாவாடையை நனைச்சுப்போட்டா. பிள்ளையள் எல்லாம் சிரிச்சிட்டினம். அண்டைக்குப் பிறகு வாயே திறக்கேல்லை."

கக்கூஸ். என் மகள் கக்கூஸுக்குப் போகணும் என்றுதான் கேட்டிருக்கிறாள். அன்று அவள் ஈரப் பாவாடையோடு வந்ததை நான் மழையென்று நினைத்திருந்தேன். இங்கேதான் எப்போதும் மழையாயிற்றே. ஆசிரியை கண் கலங்கினார். எனக்கு அழக்கூட வரவில்லை.

சேதி, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போனது. தேயிலைக் கொழுந்து பறித்து முடித்த கையோடு நாத்தனார் வந்துவிட்டார். "இங்க பாரு புள்ள, நீ ஒரு தமிழ் பேசுற, நாங்க ஒரு தமிழ் பேசுறோம், கடைத் தெருவுல சிங்களம். பச்சப்புள்ள கொழம்பாம என்ன செய்யும்? நாக்குக்கு அடியில நரம்பு கட்டியிருக்கும். கீழ்த் தோட்டத்துல ஒருத்தரு பிளேடால லேசா கீறி விடுவாராம். நாளைக்கே கூட்டிப் போறேன்." பாசத்தோடுதான் சொன்னார். அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. மறுநாள் விடிந்ததும் சிவாவும் நானும் பிள்ளையை நுவரெலியாவுக்கு, மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம்.

முதலில் காதைச் சோதித்தார்கள். குறையில்லை. பிறகு பேச்சுச் சிகிச்சை தரும் இளம் பெண்ணிடம் அனுப்பினார்கள். சிங்களப் பெண்; எங்களைப் போன்றவர்களுக்காகத் தமிழ் பழகியவர். நாக்கைத் தூக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்து, "வெட்ட ஒண்ணும் இல்ல," என்றார். எனக்கு மூச்சு வந்தது. பிறகு தரையில் உட்கார்ந்து படங்களைப் பரப்பினார். கவிதா ஒரு படத்தைத் தொட்டு, "தாத்தா," என்றாள்.

"தாத்தா வேணுமா? வெளிய இருக்காரே," என்று, அப்பாவைக் கேட்கிறாள் என நினைத்து, அவர் எழுந்து கதவைத் திறந்து சிவாவை உள்ளே கூப்பிட்டார். சிவா ஒன்றும் புரியாமல் வந்து நின்றார்.

"அவ காக்காவைச் சொல்றா, மிஸ்," என்றேன். அவருக்கு உடனே பிடிபட்டது. சிங்களத்திலும் அது காக்காதான். அவர் மறுபடி உட்கார்ந்து, படத்தைக் காட்டி வேண்டுமென்றே கேட்டார்: "இது தாத்தாவா?"

கவிதாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "தாத்தா இல்ல. தாத்தா."

"காக்காவா?"

"ஆமா. தாத்தா."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "பாத்தீங்களா அம்மா? பிள்ளைக்கு ரெண்டும் வேற சத்தம்னு தெரியும். அவ நினைப்புல சரியாத்தான் சொல்றா. நாக்கோட பின்பக்கம் எழும்பணும், நுனி எழும்புது. அவ்வளவுதான். மொழி கலந்ததால வரல்ல. சோம்பேறித்தனமும் இல்ல."

இத்தனை வருடமும் அவள் காக்கா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். தப்பான சொல்லைத் திருப்பிச் சொல்லிக் கொஞ்சியது நாங்கள். வகுப்பிலும் அவள் ஒழுங்காகத்தான் கேட்டிருக்கிறாள். சரியாகக் கேட்ட பிள்ளையைப் போய் உட்கார் என்றால், அதற்குப் பிறகு அது என்னத்தைப் பேசும்?

சிகிச்சையில் மருந்து இல்லை, ஊசி இல்லை. முதலில் எது க, எது த என்று கேட்டுப் பிரிக்கும் விளையாட்டு. பிறகு வெதுவெதுப்பான தண்ணீரை வாயில் வைத்து, தலையைச் சாய்த்துத் தொண்டையில் கொப்பளிக்க வேண்டும். கரண்டிக் காம்பால் நாக்கு நுனியை மெல்ல அழுத்திப் பிடிக்க வேண்டும். குளிர் காலைகளில் அடுப்பங்கரையில் மூன்று பேரும் கொப்பளித்தோம். வாரக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் தண்ணீரைத் துப்பிவிட்டு அவள் "அக்" என்றாள். தானே பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள். சொற்களுக்குள் அந்த ஒலி போய் உட்கார மாதங்கள் ஆயின. ஆசிரியை தினமும் அவளைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துப் படிக்கச் சொன்னார். முதலில் அவரிடம் மட்டும், பிறகு எல்லோரிடமும் பேசினாள்.

டிசம்பர் விடுமுறையில் திருச்சிக்குப் போனோம். விமான நிலையத்தில் இந்தியர்களுக்கு ஒரு வரிசை, வெளிநாட்டவருக்கு ஒரு வரிசை. நான் ஒன்றில், சிவாவும் கவிதாவும் மற்றதில். என் கடவுச்சீட்டில் சட்டென்று முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்கள். தடுப்பைத் தாண்டி நின்று திரும்பிப் பார்த்தேன். பக்கத்து மேசையில் அதிகாரி குனிந்து, "எந்த ஊரு பாப்பா?" என்று கேட்டார்.

"கந்தப்பளை." ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழுந்தது.

"அது எங்க இருக்கு?"

தன் ஊரைத் தெரியாமல்கூட ஆட்கள் இருப்பார்களா என்று அவள் அவரை வியப்போடு பார்த்தாள். "எங்க நாட்டுல," என்றாள்.

கண்ணாடிக்கு வெளியே என் அப்பா கையை ஆட்டிக்கொண்டிருந்தார். பையைச் சுமந்தபடி, எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் நான் நடுவில் நின்றேன்.