ஒரேமூச்சு உடைத்த பிட்

பட்டறையில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. ஒரேமூச்சு என்றால்தான் தெரியும். கடினமாக்கிய எஃகில் துளை போடும் கார்பைடு பிட்டை இறக்கினாரென்றால் பாதியில் தூக்கமாட்டார், அடியைத் தொட்டுவிட்டுத்தான் வெளியே வருவார். சாதாரண பிட் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், போனால் போகிறது என்று விட்டுவிடும். கார்பைடிடம் அந்தப் பேச்சே கிடையாது. எஃகுக்கு அஞ்சாது, சூட்டுக்கு அஞ்சாது, பக்கவாட்டில் லேசாக அசைந்தால் மட்டும் படக்கென்று இரண்டாகிவிடும்.

பிட் எடுப்பதில் அவர் பண்ணும் அழிச்சாட்டியம் கொஞ்சநஞ்சமில்லை. ஆழத்துக்குப் போதுமானதில் ஆகக் குட்டையானதாக வேண்டும், விளிம்பைப் பூதக்கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். சூடு தணிக்கும் கூலண்ட் விடுவதென்றால் முதலிலிருந்தே விட வேண்டும். கொதிக்கிற பிட்டின் மேல் நடுவில் ஊற்றினால் விரிசல் விடும் என்று தொண்டை வறளக் கத்துவார்.

ஒரு சட்டமும் போட்டிருந்தார். பிட் உடைந்தால் உடைத்தவரே துண்டுகளை மேசையில் வைத்து எல்லோர் முன்னாலும் காரணம் சொல்ல வேண்டும். சூடா, துகள் அடைத்துக்கொண்டதா, பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டில் ஆட்டமா, இல்லை கையா. கை என்றால் அந்த ஆள் மறுபடி கார்பைடைத் தொடக்கூடாது. இப்போது லேத்தில் நிற்கும் வம்பன் அப்படி விலக்கப்பட்டவன்தான். அன்றைக்கு அவன் என்னென்னவோ சாக்குச் சொல்லிப் பார்த்தான். இவர் விடவில்லை. "கைன்னு வாயத் தொறந்து சொல்லுய்யா. சொன்னா உயிரா போயிடும்?" என்று எல்லோரையும் சிரிக்க வைத்தார்.

அந்த மனிதருக்குத்தான் இப்போது வலது கை நடுங்க ஆரம்பித்திருந்தது. மாத்திரையால் குறைக்கலாம், நிறுத்த முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் மனைவி, சிந்தாமலிருக்க, டீயைப் பாதி டம்ளர்தான் ஊற்றிக் கொடுக்கிறாள். பட்டறை அவளுடைய தம்பியுடையது. அவனிடம் சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. சொன்னால் மெஷினை விட்டு இறங்க வேண்டும், அதை விட்டால் இவருக்கு வேறென்ன தெரியும்? டீ வந்தால் மேசையில் வைத்து ஆறவிட்டு, எல்லோரும் போன பிறகு இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பார்.

ஒருநாள் எஃகு அச்சுக்கட்டை ஒன்றில் துளை போட்டுக்கொண்டிருந்தார். கடைசித் துளையில் பாதி இறங்கியிருக்கும்போது கை துள்ளியது. படக். துண்டு உள்ளேயே மாட்டிக்கொண்டது. கார்பைடை எதைக்கொண்டு துளைத்து எடுப்பது? நாலு பேர் உழைத்த கட்டை வீணாகிவிட்டது.

கையிலிருந்த மிச்சத்தை மேசையில் வைத்தார். மைத்துனன் வந்தான், வம்பனும் வந்தான்.

"ஸ்பிண்டில்தான் ஆடுதுண்ணே," என்றான் வம்பன். கேட்காமலே சொன்னான்.

அவருக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. ஆமாம், ஏன் ஸ்பிண்டிலாக இருக்கக்கூடாது? ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜை எடுத்தார். அதைத் தாங்கியில் மாட்டாமல் யாரையும் தொடவிடாதவர், அவசரத்தில் வெறும் கையாலேயே பிடித்து ஸ்பிண்டிலில் வைத்தார். முள் தடதடவென்று ஆடியது.

"பாத்தியா மாப்ளே? ஆடுது பாரு. நான் சொல்லல?"

மைத்துனன் அவர் கையிலிருந்து கேஜை மெல்ல வாங்கிக் காந்தத் தாங்கியில் மாட்டினான். ஸ்பிண்டிலைச் சுற்றிவிட்டான். முள் அசையவே இல்லை. இன்னொரு சுற்றும் சுற்றினான். அவர் முள்ளைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார். மற்ற இரண்டு பேரும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

"கை," என்றார்.

"அட விடுங்க மாமா. பிட்டு மட்டமான சரக்கு."

"நல்ல பிட்டுதான் மாப்ளே. நாந்தான் பாத்து எடுத்தேன்."

வம்பன் வாயைத் திறக்கவில்லை. பாவி, ஒரு வார்த்தை கிண்டல் பண்ணியிருந்தால்கூட இவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் பழைய டிரில்லிங் மெஷின் பக்கத்தில் சாதா இரும்புத் தகடுகள் அடுக்கியிருந்தன. பக்கத்திலேயே சாதாரண பிட்டுகள். யாரும் எதுவும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. மத்தியானம் வரை துளை போட்டுக்கொண்டே இருந்தார். கை என்ன ஆட்டம் ஆடினாலும் பிட் கூடவே வளைந்து கொடுத்தது, ஒன்றுகூட உடையவில்லை. அதுதான் அவருக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

டீ நேரம். வம்பன் தட்டை ஏந்திக்கொண்டு வந்தான். எல்லோருக்கும் தளும்பத் தளும்பக் கொடுத்துவிட்டு, கடைசி டம்ளரை இவர் முன்னால் நீட்டினான். அதில் பாதிதான் இருந்தது.

அவர் வாங்கினார். ஆறவிடாமல், எல்லோர் முன்னாலும் நின்றே குடித்தார். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.