ஸ்டெல்லாவின் தட்டு தாவும் இடம்

போன வாரம் பரணைச் சுத்தம் செய்ய என் அக்கா மகன் முரளி வந்திருந்தான். சுத்தம் செய்தான் என்று சொல்ல மாட்டேன். ஏணிமேல் நின்று போன் பார்த்தான். நடுவில் அவன் கையில் ஒரு பழைய இசைத்தட்டு அகப்பட்டது. உறையில் சீப்பு என்ற பொருளையே அறியாத நாலு வெள்ளைக்காரர்கள் எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பார்கள். முரளி உடனே போனில் தேடினான். முகம் தொங்கிவிட்டது.

"இது கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் சித்தி. பழைய பாட்டையெல்லாம் பொறுக்கிப் போட்டது. உலகத்துல எல்லார் வீட்லயும் ஒண்ணு இருக்குமாம், அதனால மதிப்பே கிடையாதாம். கீறல் வேற."

உலகத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்து திருச்சியில் ஒன்றுதான் இருந்தது.

உறையை வாங்கி முகர்ந்தேன். நடுவில் வட்டமாக எண்ணெய்க் கறை. மணப்பாறை முறுக்கு டின்னின் அடிப்பாகம் அது. வாசனை போய் எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும், என் மூக்குக்கு மட்டும் போகவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் டெலிபோன் ஆபரேட்டர். தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போவேன். பக்கத்து நாற்காலியில் பாலக்கரை ஸ்டெல்லா. வெளியூருக்குப் பேச டிரங்க் கால் பதிந்துவிட்டுக் காலையிலிருந்து காத்திருக்கும் வியாபாரிகள்கூட அவள் குரலைக் கேட்டால் கொஞ்சம் குறைவாகத் திட்டுவார்கள், அப்படி ஒரு குரல். என்னை முழுசாகத் திட்டுவார்கள்.

கப்பலில் வேலை பார்த்த அவள் அண்ணன்தான் இந்தத் தட்டைக் கொண்டுவந்தான். வந்த அன்றே அவள் அப்பா அதை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, உறையையும் தட்டையும் மேஜைமேல் வைத்தார். பிறகு முறுக்கு சாப்பிட உட்கார்ந்தார். டின்னை முதலில் உறைமேல் வைத்தார், அது வழுக்கியதோ என்னவோ, தட்டுக்கு மேலேயே இழுத்து வைத்துக்கொண்டார். கீறல் விழுந்தது அப்படித்தான். இதெல்லாம் பின்னால் விசாரித்துத் தெரிந்துகொண்டது. அப்போது எங்களுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டாம் பக்கத்தில் ஒரு பாட்டு, நடுவில் ஒரு வரியை அப்படியே விழுங்கிவிட்டு அடுத்ததற்குத் தாவும். பாட்டே அப்படித்தான் என்று நினைத்தோம். "மூச்சே விடாம எப்படித் தாவறான் பாருடி, என்ன தொண்டை!" என்பாள் ஸ்டெல்லா.

அந்தக் குழு எடுத்த ஒரே தட்டு அதுதான் என்றும் நினைத்தோம். ஒரு பாட்டுகூட சோடை போகவில்லையே என்று மாய்ந்து மாய்ந்து பாராட்டினோம். அடுத்த தட்டுக்காகக் காத்திருந்தோம். குழு கலைந்து வெகுகாலம் ஆகியிருந்தது. பாலக்கரைக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.

வீட்டில் நான் அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே மாவரைப்பேன். அம்மா ஒருநாள் நின்று கேட்டுவிட்டு, "எந்த திவ்யதேசத்துப் பாசுரம்டி இது? நான் கேட்டதே இல்லையே" என்றாள். நடுவில் பாட்டு தாவுவது அவளுக்கு மட்டும் கொஞ்சம் உறுத்தியது.

ஸ்டெல்லா வீட்டுத் தெருமுனையில் கேசட் ரெக்கார்டிங் கடை வைத்திருந்த பாய் ஒரு மத்தியானம் தட்டை இரவல் வாங்கிப் போனார். அதோடு பாலக்கரையில் இங்கிலீஷ் பாட்டு என்று யார் கேசட் கேட்டாலும் இதையே பதிந்து கொடுத்தார். "நம்மகிட்ட இங்கிலீஷ்ல இது ஒண்ணுதாம்மா இருக்கு. கல்யாணத்துக்கும் இதான், காலேஜுக்கும் இதான்." தாவலும் கூடவே போனது.

ஸ்டெல்லாவுக்கு ஒரே ஒரு ஆசை. பொன்மலை ரயில்வே காலனியில் ஆங்கிலோ இந்தியர்கள் ஒரு பேண்டு வைத்திருந்தார்கள். அதில் பாட வேண்டும். "ஹெட்போனை மாட்டிக்கிட்டு ஹலோ ஹலோன்னே கிழவியாயிருவேன் போலிருக்குடி" என்று என் தோளில் சாய்ந்து அழுதிருக்கிறாள். பேண்டுத் தலைவர் டெஸ்மண்ட் கடைசியில் இரங்கி வந்தார். கிறிஸ்துமஸ் கலைநிகழ்ச்சியில் ஒரு பாட்டு பாடட்டும், தேறினால் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். என்ன பாட்டு என்று கேட்டார். ஸ்டெல்லா அந்த இரண்டாம் பக்கப் பாட்டைச் சொன்னதும் சிரித்தார். "அதுவா? அது எல்லாருக்கும் தெரியுமே. பிராக்டிஸே வேணாம்."

பாலக்கரை சர்ச் ஹால் நிரம்பி வழிந்தது. ஸ்டெல்லா பிரமாதமாக ஆரம்பித்தாள். அந்த இடம் வந்தது. தாவினாள். பேண்டு தாவவில்லை. டெஸ்மண்டின் கிட்டார் பின்னாலேயே நின்றது. அவர் திரும்பி அவளை முறைத்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். ஆனால் ஹாலில் கூடவே பாடிக்கொண்டிருந்த பாலக்கரை மொத்தமும் அவளோடு தாவியிருந்தது. டிரம்ஸ் அடித்த ஜெரால்டு ஹாலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், அவனும் தாவினான். டெஸ்மண்டுக்கு வேறு வழியில்லை.

பாட்டு முடிந்து மேடைக்குப் பின்னால் பிடித்துக்கொண்டார். "எங்கம்மா போச்சு அந்த லைன்?"

"எந்த லைன் அங்கிள்?"

பாடிக் காட்டினார். அந்த வரியை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டோம். ஸ்டெல்லாவின் முகம் வெளுத்துவிட்டது. டெஸ்மண்ட் தாடையைச் சொறிந்துகொண்டார்.

"நாங்க சரியா வாசிச்சோம், ஒருத்தரும் கேக்கல. நீ தப்பா பாடுன, ஊரே கூடப் பாடுது. சனிக்கிழமை பிராக்டிஸுக்கு வந்துரு."

அதற்குப் பிறகு அந்த பேண்டு வெளியூரில் முழுப் பாட்டையும் வாசிக்கும், திருச்சியில் தாவும். ஸ்டெல்லா ஜெரால்டைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவன்தானே முதலில் தாவினான். கொஞ்ச வருஷத்தில் இரண்டு பேரும் ஆஸ்திரேலியா போனார்கள். கிளம்பும்போது தட்டை என்னிடம் கொடுத்து, "அங்க எல்லார் வீட்லயும் இருக்கும்டி. நீ வெச்சுக்க" என்றாள்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இப்போது ஹலோ சொல்ல ஆளில்லை. பாய் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். பாலக்கரையில் அந்தக் கேசட் வைத்திருந்தவர்கள் என்ன ஆனார்களோ.

போன மாதம் ஸ்டெல்லா போய்விட்டாள். ஆஸ்திரேலியாவில் சர்ச்சில் நடந்த அடக்கப் பூசையை அவள் மகள் போனில் நேரலையாகக் காட்டினாள். அம்மாவுக்குப் பிடித்த பாட்டு என்று அதைப் போட்டார்கள். சுத்தமான பதிவு, கீறல் கிடையாது. அந்த இடம் வந்தது. அந்த வரி முழுசாக வந்தது. சர்ச் நிறைய ஆட்கள், ஜெரால்டு சக்கர நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தான், யாரும் வாய் திறக்கவில்லை.

எனக்குத் தாங்கவில்லை. இங்கே ஸ்ரீரங்கத்தில் நான் மட்டும் சத்தமாகத் தாவிப் பாடிவிட்டு, அடுத்த வரியில் போய் நின்றுகொண்டிருந்தேன்.