நூறு சதவீதம் வாங்கிய வருடம்

நேற்று பஞ்சாயத்திலிருந்து ஒரு படிவம் கொடுத்துவிட்டுப் போனார்கள். சிறந்த பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் என்னையும் போட்டிருக்கிறார்களாம். ரிட்டயர் ஆனவளைச் சும்மா இருக்க விடுகிறார்களா பாருங்கள். முதல் கட்டமே தேர்ச்சி சதவீதம். எட்டாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், பத்தாவது பரீட்சை எழுதியவர்கள் எத்தனை பேர் என்று கேட்க ஒரு கட்டம் கிடையாது. அலுப்பாக இருந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

வாசலில் பக்கத்துக் காட்டுக்காரர் வைத்த தக்காளிக் கூடை. செடியோடு ஒட்டிய அந்தப் பச்சை வாடை இருக்கிறதே, எனக்கு அது பரீட்சைத்தாள் வாடை. தமிழ்-மலையாள எல்லையில், வடகரப்பதிப் பக்கம் நான் வேலைக்குச் சேர்ந்த தமிழ் மீடியம் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் விடியக்காலையில் தக்காளி பறித்துவிட்டுத்தான் வருவார்கள். நோட்டு முழுக்கக் கரும்பச்சையாக விரல் தடம். சுத்தமாக எழுதினால் இரண்டு மார்க் கூடுதல் என்று அறிவித்த மேதாவி நான்தான்.

அவர்களில் ஒருத்தி சரசு. எட்டாவது வந்தபோது எழுத்துக்கூட்டத் தெரியாது. பத்தாவது வருவதற்குள், விதை, உரம் பற்றிக் கிருஷிபவன் என்ற விவசாய ஆபீசில் மலையாளத்தில் ஒட்டும் நோட்டீசை வாசித்து, தெருவுக்கே தமிழில் சொன்னாள். கணக்கு மட்டும் ஏறவே இல்லை. அந்த வருடம் மற்ற எல்லாரும் தேறிவிடுவார்கள் போலிருந்தது. ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, அவளை மட்டும் அடுத்த வருடம் எழுதச் சொல்லலாமே என்றார். சும்மா சொல்லக்கூடாது, கெட்ட மனிதர் இல்லை. ரிசல்ட்டில் ஒருத்தர் குறைந்தாலும் மேலிடத்துக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்தி அவரைக் கேள்வி கேட்பார்கள். இந்தப் பிள்ளைகள் எங்கேயிருந்து தொடங்கினார்கள் என்று அங்கே ஒருத்தரும் கேட்டதில்லை. எனக்கும் நூறு சதவீத ஆசை இருந்தது, மறைப்பானேன்.

தூது போனது நான்தான். தக்காளிக் காட்டில் அவள் அம்மாவைப் பார்த்து, அடுத்த வருடம் நானே உட்கார்ந்து கணக்குச் சொல்லித் தருகிறேன் என்றேன்.

"நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்," என்று அந்த அம்மா மறுபடியும் குனிந்துவிட்டார்.

சரசுதான் கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். "இந்த வருசமே எழுதறனுங்க டீச்சர். தோத்தாத் தோத்துட்டுப் போறனுங்க."

பொறுமையாக இரும்மா என்றேன். பேச்சில் நான் கெட்டிக்காரி. அவள் பெயர் இல்லாமலே பட்டியல் போனது.

ரிசல்ட் அன்று வேட்டு வெடித்தார்கள், பாயசம் கொடுத்தார்கள், எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஜூனில் பள்ளி திறந்தது. சரசு வரவில்லை. வீடு தேடிப் போனால், திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள் என்றார்கள். அப்புறம் நான் அவளைப் பார்க்கவே இல்லை.

அந்த ஹெட்மாஸ்டர் காலமாகிவிட்டார். தமிழ் வகுப்பும் பிள்ளைகள் சேராமல் நின்றுபோயிற்று. தக்காளிக் காடு இருந்த இடத்தில் இப்போது தென்னை நிற்கிறது. அந்த வருடம் எங்கள் பள்ளியில் யாரும் தோற்கவில்லை. தோற்பதற்குக்கூட நான் சரசுவை விடவில்லை.