பழைய மேமலையில் எண்ணிக்கை மூன்று

“காட்டுக்குள்ளை வழி தவறிப் போச்செண்டால் நீர் முதல்ல என்ன செய்வீர், தங்கச்சி?”

பத்மநாதன் ஐயா என்னிடம் இப்படிக் கேட்டது 1956ஆம் ஆண்டு நவம்பரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சரியாகப் பத்து மணிக்கு. அன்று இரவு எட்டு மணிக்குள் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லியே ஆகவேண்டி வந்தது.

இது யாரோ சொல்லக் கேட்டு எழுதுவதல்ல. முள் கிழித்த தழும்பு என் வலது காலில் இப்போதும் இருக்கிறது. நேரங்களையும் நானாகப் போடவில்லை. ஐயாவின் சின்னக் குறிப்புக் கொப்பியில் இருந்ததைப் பார்த்து அப்படியே எடுத்துக்கொண்டேன். அம்மா கொழுந்து பறிக்கப் போன பிறகுதான் இதை எழுதுகிறேன். அவள் வருவதற்குள் நான் எழுதும் இந்தக் கொப்பியை அரிசிச் சாக்குக்கு அடியில் வைத்துவிடுவேன். ஏன் என்பது கடைசியில் தெரியும்.

எங்கள் தோட்டம் ஹாலிஎலக்கு மேலே இருக்கிறது. பத்மநாதன் ஐயா பதுளைக் கச்சேரியில், அதாவது அரசாங்கக் காரியாலயத்தில், கிளாக்கர். யாழ்ப்பாணத்து ஆள். லீவு நாள் வந்தால் தோளில் ஒரு கன்வஸ் பையை மாட்டிக்கொண்டு மலை ஏறுவார். எங்கள் கந்தப்பன் மாமா அவருக்கு வழி காட்டுவார். மாமா அம்மாவின் தம்பி. தோட்டத்தில் கான் வெட்டுகிற வேலை. மழைத் தண்ணீர் ஓடும் அந்தக் கான்கள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். அன்றைக்குத் தேத்தண்ணீர்க் கேத்தலையும் ரொட்டியையும் கூடையில் சுமக்க என்னையும் கூட்டிப்போனார்.

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. “பழைய மேமலைப் பக்கம் போகாதீங்க தம்பி,” என்று இரண்டு தடவை சொன்னாள். காரணம் சொல்லவில்லை. தன் கம்பளியை எடுத்து என் தலையில் போட்டாள்.

அம்மாவைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். எனக்குச் சத்தம் வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதும் அதனால்தான். எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால் தொண்டை அடைத்துவிடும். வேலைக்குச் சேர்ந்த பிறகும் அப்படித்தான். காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் எண்ணும்போது, என் பேரைக் கூப்பிட்டால் நான் சொல்வது கணக்கப்பிள்ளைக்கு எட்டாது. ஒருநாள் பக்கத்தில் நின்ற குணமணி எனக்காகக் குரல் கொடுத்தாள். அன்று சாயங்காலம் அம்மா என் கன்னத்தில் அறைந்தாள். அவள் என்னை அடித்தது அந்த ஒரே தடவைதான்.

“உன் பேருக்கு நீதான் வாயத் தொறக்கணும். ஒருத்தருக்கு இன்னொருத்தர் சொல்லவே கூடாது. வெளங்குதா?”

மலை ஏறும்போது ஐயா தன் கேள்விக்குத் தானே பதில் சொன்னார்.

“முதல்ல இருக்க வேணும். அந்த இடத்திலேயே குந்தி இருக்க வேணும். பயம் வந்தால் கால் ஓடச் சொல்லும். அதின்ரை சொல்லைக் கேட்கக் கூடாது. பிறகு, நிலத்திலை ஏதும் விரிச்சுப் போட்டு இருக்க வேணும். மழையை விட ஈர நிலம்தான் ஆளை விறைக்கப் பண்ணும். கடைசியா, தேடி வாற ஆக்களுக்குச் சத்தம் குடுக்க வேணும்.”

“அதுக்குத்தாங்க இவ லாயக்கில்ல,” என்று மாமா சிரித்தார். “இவளப் பாம்பு கடிச்சாக்கூட பாம்புதான் கத்தணும்.”

“பகிடி விடாதையும் கந்தப்பன். என்னட்டை விசில் இருக்கு.”

“விசில் ஊதுனா நாய்தான் வரும் ஐயா. எங்களுக்குக் கான் போதும். கானைப் பிடிச்சா வூடு.”

உச்சிக்குப் போய்த் திரும்பும்போது பிற்பகல் 3.40. குறுக்கு வழி என்று மாமா எங்களைப் பழைய மேமலை வழியாகவே கூட்டி வந்தார். பல வருடங்களுக்கு முன்னால் கைவிட்ட தேயிலை மலை அது. தொழிலாளர் குடியிருந்த, இப்போது கூரை இல்லாத ஒரு லயம். வெட்டாமல் விட்ட தேயிலை மரமாக வளர்ந்து நின்றது. மனித நடமாட்டமே இல்லை.

நான் ஒரு செடியைப் பார்த்தேன். அது மட்டும் இடுப்பளவு உயரத்தில், மட்டமாக இருந்தது.

அதில் கொழுந்து எடுத்திருந்தார்கள். இரண்டு இலை, ஒரு மொட்டு. சுத்தமாகக் கிள்ளியிருந்தது. கிள்ளிய காம்பு இன்னும் கறுக்கவில்லை. பச்சையாக, ஈரமாக இருந்தது.

மாமாவைத் தொட்டுக் காட்டினேன். அவர் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

“வேகமா நடங்க,” என்றார்.

4.20க்கு மூடுபனி இறங்கியது. பத்து நிமிடத்தில் நீட்டிய என் கையே எனக்குத் தெரியவில்லை. மாமா கூடைக் கயிற்றை அவிழ்த்தார். முன்னால் அவர், நடுவில் ஐயா, கடைசியில் நான். மூன்று பேரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டோம்.

“கானுக்குள்ளயே காலை வைங்க. பள்ளத்துப் பக்கம் யாரும் போகக் கூடாது. அங்கிட்டு மண்ணு சரிஞ்ச எடம். கீழ தரையே கெடையாது.”

“பத்து நிமிசத்துக்கு ஒருக்கா எண்ணுவம்,” என்றார் ஐயா. “நான் எழுதி வைக்கிறன்.”

4.40. “ஒண்ணு,” மாமா. “ரெண்டு,” ஐயா. “மூணு,” என்றேன் நான், எனக்கே கேட்காமல்.

4.50. ஒண்ணு. ரெண்டு. மூணு. இந்தத் தடவை ஒரு எதிரொலி கேட்டது. மெல்லிய “மூணு…” மலைப் பக்கம் இருந்து வரவில்லை. பள்ளத்துப் பக்கம் இருந்து வந்தது.

வெறும் பள்ளத்தில் எதிரொலி எப்படி வரும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

5.10க்குக் கொஞ்சம் முன்னால் என் கம்பளி முள்ளில் மாட்டிக்கொண்டது. இழுத்தேன். வரவில்லை. முள் காலைக் கிழித்தது. “நில்லுங்க” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வெளி ஆள் இருக்கிறாரே என்று வெட்கம். ஒரு நிமிடம்தானே என்று கயிற்றை விட்டேன்.

குனிந்து முள்ளை எடுத்தேன். முன்னால் மாமாவின் குரல்.

“ஒண்ணு.”

“ரெண்டு.”

என் முறை. வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

“மூணு.”

என் குரல்.

நான் சொல்லவில்லை. ஆனால் அது என் குரல். எனக்கு முன்னால், நான் நின்றிருக்க வேண்டிய இடத்தில் இருந்து வந்தது.

“சரி, நடங்க,” என்றார் மாமா. காலடிச் சத்தம் கீழே இறங்கியது.

கயிற்றைத் தேடித் தரையைத் தடவினேன். கயிறு இல்லை. ஓடினேன். நான்கு அடி வைத்ததும் கானின் கரை காலுக்குத் தட்டுப்படவில்லை. பக்கத்தில் எங்கோ ஒரு கல் உருண்டது. அது விழுகிற சத்தத்துக்குக் காத்திருந்தேன்.

கேட்கவே இல்லை.

அப்போதுதான் ஐயா சொன்னது நினைவுக்கு வந்தது. கால் சொல்வதைக் கேட்கக் கூடாது. அப்படியே உட்கார்ந்தேன். உட்கார்ந்தபடியே மலைப் பக்கமாகப் பின்னால் நகர்ந்தேன். முதுகில் ஒரு தேயிலை மரம் தட்டியது. இடுப்பில் கட்டியிருந்த சாக்கை அவிழ்த்துக் கீழே விரித்தேன். கம்பளியால் தலையிலிருந்து மூடி, பார்க்க மட்டும் ஒரு துவாரம் விட்டேன். மடியில் இருந்த ரொட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளித் தின்றேன். தூங்கக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

வெகு கீழே, பனிக்குள்ளிருந்து…

ஒண்ணு… ரெண்டு… மூணு.

அவர்கள் எண்ணிக்கொண்டே இறங்கினார்கள். ஒவ்வொரு தடவையும் மூன்று சரியாக இருந்தது. என்னை யாரும் தேட மாட்டார்கள். நான்தான் அவர்களோடு போய்க்கொண்டிருக்கிறேனே.

கீழே தேயிலை ஆலையில், ஸ்டோரில், ஆறு மணிச் சங்கு ஊதியது. இருட்டிவிட்டது. மழை பிடித்தது. விரல்கள் மரத்துப்போயின. விடியும்வரை தாங்க மாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது.

எவ்வளவு நேரம் போனதோ…

டக்.

பக்கத்தில்தான்.

டக்… டக்…

அந்தச் சத்தத்தை நான் தினமும் கேட்கிறேன். காம்பிலிருந்து கொழுந்தை ஒடிக்கிற சத்தம்.

இருட்டில் யாரோ கொழுந்து எடுத்தார்கள். நிரை பிடித்து, செடி செடியாக, என்னை நோக்கி.

டக்… டக்…

நின்றது. ஈரக் கம்பளியின் நாற்றம் அடித்தது. என் கம்பளி அல்ல. பழைய, மண் ஊறிய கம்பளி.

மூச்சை அடக்கிக்கொண்டேன்.

கீழே வெளிச்சம். இரண்டு லாந்தர். மூன்று தடவை விசில்.

“யோகம்! ஏ யோகம்மா! எங்கடி இருக்க?”

மாமா!

நான் வாயைத் திறக்கும் முன்…

“இங்க இருக்கேன் மாமா…”

என் குரல். பள்ளத்துப் பக்கம்.

லாந்தர்கள் நின்றன. திரும்பின.

“அந்தா! அங்கிட்டு இருக்கா ஐயா! வாங்க!”

பள்ளத்தை நோக்கி நடந்தார்கள். பனியில் அவர்களுக்குக் கரை தெரியாது. ஒரு லாந்தர் ஆடியது. இன்னும் பத்து அடி. எட்டு. ஆறு…

தொண்டை அடைத்தது.

கன்னத்தில் அம்மாவின் அறை சுள்ளென்று எரிந்தது. உன் பேருக்கு நீதான் வாயத் தொறக்கணும்.

“மூணு!”

கத்தினேன். பிறந்ததிலிருந்து நான் அப்படிக் கத்தியதில்லை.

“மூணு! நான்தான் மூணு! அது நான் இல்ல மாமா! பள்ளம்! நில்லுங்க!”

லாந்தர்கள் நின்றன.

மலை முழுக்க என் சத்தம் ஓடி அடங்கியது. அதற்குப் பிறகு, என் காதுக்குப் பக்கத்தில், மிக மெதுவாக யாரோ ஒரு பெருமூச்சு விட்டார்கள்.

அப்போது 7.55.

லயத்துக்கு வந்து சேர்ந்தபோது 9.20. எங்கள் காம்பிராவில், அந்த ஒற்றை அறையில், அடுப்பருகே உட்கார வைத்தார்கள். பக்கத்துக் காம்பிரா கருப்பம்மா அக்கா கொத்தமல்லித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவளுக்கும் அம்மாவின் வயதுதான். அம்மா ஊதுகுழலால் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். மாமாவும் ஐயாவும் இரண்டே பேராக வந்து நின்ற நேரத்திலிருந்தே அம்மா அடுப்பை விட்டு நகரவில்லையாம்.

ஐயா கொப்பியைத் திறந்து காட்டினார். பென்சிலில் எழுதியிருந்தது.

5.10 எண்ணிக்கை மூன்று.
5.20 எண்ணிக்கை மூன்று.
5.30 எண்ணிக்கை மூன்று.

அப்படியே 6.40 வரை.

“கயிறும் இறுகித்தான் இருந்தது,” என்றார் ஐயா. “எனக்குப் பின்னாலை ஒரு ஆள் பிடிச்சுக்கொண்டு வாற மாதிரித்தான் இருந்தது. 6.50க்கு லயத்து வெளிச்சத்திலை திரும்பிப் பார்க்கிறன்… ஒருத்தரும் இல்லை. கயித்து நுனி நிலத்திலை கிடக்குது.”

நான் கேட்ட குரலைப் பற்றிச் சொன்னேன். கொழுந்து ஒடித்த சத்தத்தைச் சொன்னேன். கருப்பம்மா அக்கா கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

“வேலாயி,” என்றாள்.

“யாருங்கக்கா அது?” என்றார் மாமா.

“நீ அப்ப சின்னப் பய. பதினெட்டு வருசமாச்சு. அன்னைக்கு மழை. பனி. மேல்நிரையில நாங்க மூணு பொண்ணுங்கதான் நின்னோம். கீழ இருந்து கங்காணி எண்ணச் சொன்னாரு. ஒண்ணு நான்.”

“ரெண்டு?” என்று கேட்டேன்.

அக்கா அடுப்புப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

“மூணு வேலாயி. வெறகு பொறுக்க நின்னுட்டா. பிந்தி வந்தா அன்னைக்குப் பேரை வெட்டிருவாங்க, கூலி இல்ல. பாவம், இந்தா வந்துருவா, அவ பேரு போயிரக் கூடாதுன்னு… அவளுக்காக ஒரு குரல் ‘மூணு’ன்னு சொல்லுச்சு. கணக்கு சரின்னு கங்காணி எறங்கிட்டாரு. யாரும் தேடல. ராத்திரி மலை சரிஞ்சிருச்சு. விடிஞ்சு போய்ப் பாத்தா நிரையே இல்ல. அவ போத்தியிருந்த கம்பளி கூடக் கெடைக்கல.”

“அந்த மூணைச் சொன்னது ஆர்?” என்று ஐயா கேட்டார்.

கருப்பம்மா அக்கா தலை குனிந்தாள்.

அடுப்பை ஊதுகிற சத்தம் நின்றிருந்தது.

அம்மா எழுந்தாள். கொடியில் உலர்ந்து கிடந்த நல்ல கம்பளியை எடுத்தாள். அதைப் போர்த்திக்கொள்ளவில்லை. குளிரில் கிடக்கும் யாருக்கோ கொண்டுபோவதைப் போல மார்போடு அணைத்துக்கொண்டாள். மாமா எழப்போனார். கருப்பம்மா அக்கா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

10.05.

அம்மா கதவைத் திறந்தாள். வெளியே பனி. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. லாந்தரும் எடுக்கவில்லை. பழைய மேமலைக்குப் போகும் படிகளில் ஏறத் தொடங்கினாள்.