துடுப்புக்கு முன்னும் பின்னும் சோறு

உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் தொழிலில் இரும்பு ஒருநாளும் ஏமாற்றுவதில்லை. ஏமாற்றுவது, அதைத் தூக்க வருகிறவர் சாப்பிட்டுவிட்டு வந்த சாப்பாடுதான்.

இதே தொழிலில் கிடந்து உழைக்கிறவர்களுக்கும், வீட்டில் யாரோ ஒருவர் 'டயட்' தொடங்கியதால் குசினியில் அவதிப்படுகிறவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். திருகோணமலை உள்துறைமுக வீதியில், வள்ள எஞ்சின் சாமான் விற்கும் கடைக்கு மேல்மாடியில் என் ஜிம் இருக்கிறது. போன வருடம் படகோட்டப் போட்டிக்கென்று இரண்டு பேர் என்னிடம் பயிற்சிக்கு வந்தார்கள். ராஜநாயகம் ஐயா லிங்கநகர்க்காரர். துறைமுகப் பக்கம் ஓர் அலுவலகத்தில் வேலை, இளைப்பாற இன்னும் சில மாதங்கள்தான். ஜெறோம் அண்ணை வலைக்கடை வைத்திருக்கிறார். இருவரும் துடுப்பு வலிப்பது, நான் சுக்கான் பிடிப்பது என்று ஏற்பாடு.

அதற்கு முந்திய போட்டியில் ராஜநாயகம் ஐயா நடுவழியில் களைத்துப்போய், படகைக் கயிறு கட்டி இழுத்துவந்தார்கள். அன்றிலிருந்து அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'நங்கூரம்'. பிரியாவிடைப் பேச்சிலும் அந்தப் பெயரைச் சொல்லிவிடுவார்களோ என்று மனுசனுக்கு உள்ளூரப் பயம். சேர்ந்த அன்று என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "முதலாவதா வரவேண்டாம் மிஸ். நானா வலிச்சுக் கரைக்கு வந்தாப் போதும்."

சோற்றைக் கைவிட்டவர்

பயிற்சி தொடங்கிய கொஞ்ச நாளில் ராஜநாயகம் ஐயா கைத்தொலைபேசியில் ஒரு வீடியோ பார்த்துவிட்டார். சோறு, பாண், இடியப்பம், சீனி எல்லாவற்றுக்கும் அன்றோடு தடை. முட்டையும் மீனும் கீரையும் மட்டும். துடுப்பு வலிப்பதற்கென்று என்னிடம் ஒரு மெஷின் இருக்கிறது. அதில் மெதுவாக வலிக்கும்வரை அவர் நன்றாகத்தான் இருந்தார். வீடியோவில் வந்தவரைப் பற்றி எனக்கு விளக்கமும் தந்துகொண்டிருந்தார். "இப்ப முழுப் பெலத்தோட வலியுங்கோ ஐயா" என்றேன். கொஞ்ச நேரத்தில் கதை நின்றது. பிறகு கை நின்றது. சுவரைப் பார்த்தபடி அப்படியே இருந்தார். கதிரையில் இருத்தி, சீனி போட்ட தேத்தண்ணி கொடுத்த பிறகுதான் முகத்தில் ரத்தம் வந்தது.

பள்ளிக்கூடத்தில் காபோவைதரேற்று என்று படித்தோமே, அந்த மாச்சத்துத்தான் தசைக்குள் சேமிப்பாக இருக்கிறது என்று அவருக்கு விளங்கப்படுத்தினேன். ஆறுதலாக நடந்தால் உடம்பு கொழுப்பை எரித்துச் சமாளிக்கும். மூச்சுவாங்க வேலைசெய்தால் கொழுப்பு அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. தசை மாச்சத்தைத்தான் கேட்கும். நீங்கள் சோற்றை நிற்பாட்டியதால் சேமிப்பு வற்றிப்போயிற்று என்றேன். அவர் தன் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். மனம் நொந்துபோய்க் கேட்டார்: "இவ்வளவு காலமா இவ்வளவு கொழுப்பையும் சுமந்துகொண்டு திரியிறன் மிஸ், ஒரு அவசரத்துக்கு அது ஏன் உதவிக்கு வரேல்லை?"

இரண்டு நாள் சாப்பாடு

அதன்பின் இருவருக்கும் சேர்த்துச் சொன்னேன்: "கடலில வலிச்சுப் பாக்கிறதுக்கு முதல் நாள், வழமையைவிடக் கொஞ்சம் கூடுதலாச் சோறு சாப்பிடுங்கோ. தசை நிரம்பட்டும். வலிக்கிற நாள் காலமை லேசாச் சாப்பிட்டால் போதும்." ராஜநாயகம் ஐயா மூன்று முறை திருப்பிக் கேட்டார். ஜெறோம் அண்ணை ஒரேயடியாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததுமே நான் யோசித்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை ஜெறோம் அண்ணை ஏறியதும் படகு அவர் பக்கம் தாழ்ந்தது. குனிந்து துடுப்பைப் பிடிக்க ஏலாது. பிடித்தால் நிமிர ஏலாது. கரையிலிருந்து கல்லெறி தூரம் போவதற்குள் துடுப்பை மடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிவிட்டார். ராஜநாயகம் ஐயா தனியாக வலிக்க, படகு வட்டமடித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. அப்படி என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "நேற்றுச் சாப்பிடச் சொன்னதை மறந்துபோனன் மிஸ், அதால ரெண்டு நாளையதையும் இண்டைக்கு விடியச் சேர்த்துச் சாப்பிட்டனான்."

கொப்பளிப்பு

கடும் வேலை செய்யும்போது இனிப்புத் தண்ணியை விழுங்காமல் வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பினாலும் உடம்பு கொஞ்சம் உசாராகும். வாயில் இனிப்புப் பட்டதும் சாப்பாடு வருகிறதென்று மூளை நம்பிவிடுகிறது. ஒரு பயிற்சி வகுப்பில் கேட்ட விசயம். வயிறு நிறைந்தால் தூங்கிவிடுகிற ஜெறோம் அண்ணைக்கு இது தோதான வழி என்று நினைத்துச் சொல்லிக்கொடுத்தேன். இருவருக்கும் நன்றாகவே வேலை செய்தது. எங்கே துப்புவது என்று மட்டும் நான் சொல்லவில்லை. அவர்கள் பல்கனியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

கீழ்க்கடை நசீர் நானா ஒருநாள் மேலே ஏறிவந்தார். கடை வாசலில் காட்சிக்கு வைத்திருந்த எஞ்சின் முழுக்க எறும்பு. வாங்க வந்தவர், இறக்கக்கண்டியிலிருந்து பஸ்ஸில் வந்த மனுசர், எஞ்சினைத் தொடாமலே திரும்பிப் போய்விட்டாராம். நான் மன்னிப்புக் கேட்டு, கொப்பளிப்பின் பலனையும் விளக்கினேன். நானா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "துப்புற தண்ணியிலயே இவ்வளவு பெலன் எண்டால் பிள்ளை, போட்டிக்கு இவையை விட்டுட்டு என்ர கடை எறும்பைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

போட்டி

போட்டியன்று நாலு படகுகள். தூரத்தில் போயா என்கிற அடையாள மிதவையைச் சுற்றிக்கொண்டு இறங்குதுறைக்குத் திரும்ப வேண்டும். போகும்போது நாங்கள் மூன்றாவது. திரும்பும்போது காற்று எதிராக அடித்தது. ராஜநாயகம் ஐயாவின் துடுப்பு தண்ணியில் ஆழமாக இறங்காமல் மேலாகவே வழுக்கத் தொடங்கியது. போன முறை நின்ற இடமும் கிட்டத்தட்ட அதுதான். "மிஸ், ஏலாது போல கிடக்கு" என்றார். கொப்பளிக்கிற போத்தலைக் கரையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம்.

ஜெறோம் அண்ணை துடுப்பை ஒரு கையால் பிடித்தபடி சட்டைக்குள் மற்றக் கையை விட்டு, ஈயத்தாளில் சுற்றிய, அல்வாபோல் பல்லில் ஒட்டும் இனிப்பான பெரிய தொதல் துண்டொன்றை எடுத்தார். பாதியைப் பிய்த்து ஐயாவின் வாயில் திணித்தார். மீதியைத் தன் வாயில் போட்டார். தொதலை மெல்லுகிறவரால் ஏலாது என்று சொல்லவும் முடியாது. ஐயா மென்றார், வலித்தார். கண் கலங்க மென்றபடியே வலித்தார். எங்களுக்குப் பின்னால் ஒரு படகு நின்றுபோய்க் கிடந்தது. நாங்கள் மூன்றாவதாக, எங்கள் சொந்தப் பெலத்தில் வந்து சேர்ந்தோம். கரையில் நின்ற அலுவலக ஆட்கள் கைதட்டினார்கள். ஐயாவுக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை; தொதல் பல்லில் ஒட்டியிருந்தது. விசில் தொங்கிய கழுத்தோடு நடுவர் எங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "படகுக்குள்ள சாப்பிடக்கூடாது எண்டு எங்கட விதியில இல்லை. இப்பிடியும் ஆக்கள் வருவினம் எண்டு ஆர் கண்டது?"

பிறகு

கடும் பயிற்சி முடிந்தவுடன் தசை வற்றிக் கிடக்கும். அந்த நேரம் சாப்பிடுகிற மாச்சத்து முதலில் அந்தச் சேமிப்பை நிரப்பத்தான் போகும். அந்த இடைவெளியில் உடம்பு தன்பாட்டுக்குக் கொழுப்பையும் எரித்துக்கொண்டிருக்கும். ஆகவே போட்டி முடிந்ததும் பயப்படாமல் சோறு சாப்பிடுங்கள் என்று இருவருக்கும் சொல்லி அனுப்பினேன். ராஜநாயகம் ஐயா வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் வழமையான சாப்பாட்டுக்குத் திரும்பினார்.

ஜெறோம் அண்ணை பயிற்சிக்கு வரவில்லை. உடம்புக்கு ஏதுமோ என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவருடைய மனைவி மேரி அக்கா போன் எடுத்தார். குரலில் கோபமில்லை, அலுப்புத்தான்: "மிஸ், போட்டி முடிஞ்சு ஒரு கிழமையாச்சு. இவர் இன்னும் 'பிறகு சாப்பிடுறது' எண்டு சொல்லிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அந்தப் பிறகு எப்ப முடியும் எண்டு ஒருக்காச் சொல்லுவீங்களோ?"

மாச்சத்து எப்போது எரியும், எப்போது நிரம்பும் என்று கேளுங்கள், அச்சொட்டாகச் சொல்லித்தருவேன். நான் சொன்னது கேட்டவரின் காதிலிருந்து சோற்றுக்கோப்பைக்குப் போய்ச் சேரும்போது என்னவாக மாறியிருக்கும் என்பதைத்தான் இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.