டீசல் வித்தியாசம்

நான் ஓட்டும் லாரிக்கு இங்கே இரண்டு டேங்க். பங்க்கில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் டீசல் இறங்கும். குழாயைச் செருகி மாட்டிவிட்டு எல்லோரும் காப்பி வாங்கப் போய்விடுவார்கள். யாரும் மீட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. கனடாவில் இந்த ஒன்டாரியோவுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. எனக்கு மட்டும் இன்னும் அந்த இடத்தைவிட்டு நகர மனம் வராது. மைனஸ் இருபது குளிரிலும் கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு எண்கள் ஓடுவதைப் பார்த்தபடி நிற்பேன். ஒருநாள் பக்கத்து வண்டிக்காரர், வயதான வெள்ளைக்காரர், மெஷின் கெட்டுவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு ஏன் நிற்கிறாய் என்றார். என் காசு போகிறது, பார்க்கிறேன் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவர் உள்ளே போய் ஒரு காப்பி வாங்கிவந்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கையில் காசில்லாதவன் என்று நினைத்துவிட்டார்.

இந்தப் பழக்கம் எனக்கு மாமாவிடமிருந்து வந்தது. மாமா என்றால் என் அக்கா சாந்தியின் வீட்டுக்காரர் மாதையன். கடத்தூரில் அவருக்குச் சொந்தமாக ஒரே ஒரு லாரி. ஓனரும் அவர்தான், டிரைவரும் அவர்தான். நான் ஆறு வருடம் அவருக்கு இரண்டாவது டிரைவராக ஓடினேன். ஓசூர்ப் பக்கம் ஒரு ஃபேக்டரியில் சரக்கு ஏற்றி எர்ணாகுளத்தில் இறக்குவோம். ஃபேக்டரிக்கும் எங்களுக்கும் நேரடியாகப் பேச்சு கிடையாது. நடுவில் ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் இருந்தது. ஃபேக்டரியோடு ஒப்பந்தம் போடுவது அவர்கள். எங்களைப்போல ஒற்றை லாரி வைத்திருப்பவர்களை ஓடவிடுவதும் அவர்கள்தான். ஒரு டிரிப்புக்கு இவ்வளவு என்று வாடகை பேசியிருந்தது. டீசல் ஏறினாலும் அதே வாடகை. பங்க்கில் மாமா கீழே இறங்கி, மீட்டர் ஜீரோவுக்கு வந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் குழாயைத் தொடவிடுவார். மாதாமாதம் அவருக்கு மிஞ்சுவது குறைந்துகொண்டே வந்ததை நான் அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு பேர் பிழைக்க அந்த வண்டி தாங்காது என்று தெரிந்ததும் சவூதிக்குப் போனேன். அங்கிருந்து கனடா.

எவ்வளவு கஷ்டத்திலும் ஒரு விஷயத்தில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. தருமபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாய் இறக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். டீசல் மிச்சம் பிடிக்க அந்த இறக்கத்தில் நியூட்ரலில் வண்டியை உருளவிடுகிறவர்கள் நிறைய. லோடு பாரம் தள்ளும், என்ஜின் பிடிமானம் இருக்காது, பிரேக்கை மிதித்து மிதித்து அது சூடேறி ஒரு கட்டத்தில் பிடிக்காமல் போய்விடும். நான் ஒருமுறை விளையாட்டாக நியூட்ரல் போட்டேன். தூங்கிக்கொண்டிருந்த மாமா சத்தம் மாறியதிலேயே எழுந்துவிட்டார். வண்டியை ஓரம் கட்டச் சொல்லி என் கன்னத்தில் ஓர் அறை விட்டார். அவர் என்னை அடித்தது அந்த ஒரே தடவைதான்.

கனடாவில் சில வருடம் கம்பெனி வண்டி ஓட்டிய பிறகு, கடன் வாங்கிச் சொந்தமாக ஒரு டிரக் எடுத்தேன். அதை ஒரு பெரிய கம்பெனிக்குக் கீழே ஓட்டுகிறேன். இதற்கு இங்கே ஓனர் ஆபரேட்டர் என்று பெயர். முதல் வாரச் சம்பளச் சீட்டில் ஃபியூயல் சர்சார்ஜ் என்று ஒரு வரி இருந்தது. நம் ஊரில் சார்ஜ் என்றால் நம்மிடமிருந்து பிடிப்பதுதானே. லோடு ஒதுக்கும் டோனா என்ற அம்மாவுக்கு ஃபோன் போட்டு, நான் என்ன தப்பு செய்தேன், எதற்கு அபராதம் என்று கேட்டேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. யாராவது என்னை மிரட்டினார்களா என்று பதறினார். பிறகு விஷயம் புரிந்து விழுந்து விழுந்து சிரித்தார். அது உனக்கு வருகிற காசு என்றார். டீசல் விலை ஏறும்போது சரக்கு அனுப்புகிறவர் மைலுக்கு இவ்வளவு என்று கூடுதலாகத் தருவார். விலை இறங்கினால் அதுவும் இறங்கும். டீசல் போடுகிறவன் நீ, அதனால் உன் சீட்டில் வருகிறது. அவ்வளவுதான். நான் வண்டிக்குள் தனியாக உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். டீசல் ஏறியதற்காக ஒருவன் லாரிக்காரனுக்குக் காசு கொடுப்பான் என்பதை அதற்கு முன் நான் கேள்விப்பட்டதே இல்லை.

அன்றைக்கே மாமாவிடம் சொன்னேன். அப்படியெல்லாம்கூடவா என்று கேட்டுக்கொண்டார். சில மாதம் கழித்து அவரே கூப்பிட்டார். ஃபேக்டரி கேட்டில் இருக்கும் ஆள் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னாராம், ஃபேக்டரியும் டிரான்ஸ்போர்ட் ஆபீசுக்கு டீசல் வித்தியாசம் என்று தனியாகக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது என்று. வருடக்கணக்காக. அதில் ஒரு பைசா மாமாவுக்கு வந்ததில்லை. கேளுங்கள் என்று நான்தான் சொன்னேன். அவர் தயங்கினார். ஓடுகிற லோடும் போய்விடுமோ என்று பயந்தார். நான் விடவில்லை. உங்கள் காசைத்தானே கேட்கிறீர்கள், என்ன பயம் என்று வாராவாரம் ஃபோனில் அவரை உசுப்பிக்கொண்டே இருந்தேன்.

ஒருநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய்க் கேட்டிருக்கிறார். ஆபீஸ் மேனேஜர் கோபப்படவில்லையாம். உட்காரச் சொல்லி டீ வாங்கிக்கொடுத்து, டீசல் கணக்கு ஃபேக்டரிக்கும் எங்களுக்கும் உள்ளது, உனக்குப் பேசின வாடகை வருகிறதல்லவா என்றாராம். வண்டியை ஓரமாகப் போடு, கூப்பிடுகிறோம் என்றாராம். மாமா எட்டு நாள் வண்டியிலேயே படுத்துக் கிடந்தார். அவருக்குப் பின்னால் வந்த வண்டிகளெல்லாம் ஏற்றிக்கொண்டு போயின. ஒன்பதாம் நாள் அவரே வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார். அதன்பிறகு புரோக்கர்கள் தரும் லோடுதான். பாலக்கோட்டுத் தக்காளி, புளி, செங்கல், கிடைத்தது எது என்றாலும். ஒரே லோடுக்குப் பத்து வண்டி நிற்கும்போது எவன் குறைத்துக் கேட்கிறானோ அவனுக்குத்தான் அது.

அந்தச் சமயத்தில்தான் இங்கேயும் ஒன்று நடந்தது. ஒரு கிடங்கில் சரக்கு ஏற்றும்போது, அங்கிருந்த பெண் தெரியாமல் எனக்கு வேறொரு காகிதத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாள். அந்த லோடுக்கு என் கம்பெனி வாங்கும் தொகை அதில் இருந்தது. சர்சார்ஜ் மைலுக்கு அறுபது சென்ட். என் சீட்டில் வருவது நாற்பது. இரண்டு மூன்று தடவை படித்துப் பார்த்துவிட்டுக் காகிதத்தை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். டோனாவிடம் கேட்கவில்லை. டிரக் கடன் இருந்தது, மகளுக்குப் பள்ளி இருந்தது. மாமாவிடமும் சொல்லவில்லை.

மூன்று மாதம் போனது. ஒரு மத்தியானம் தொப்பூர் இறக்கத்தில் மாமாவின் வண்டி பிரேக் பிடிக்காமல், முன்னால் போன லாரியின் பின்பக்கத்தில் மோதிவிட்டது. முன் வண்டிக்காரருக்குச் சிராய்ப்போடு போயிற்று. மாமாவை நசுங்கிய கேபினிலிருந்து வெளியே எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நான் கனடாவிலிருந்து சேலம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. போர்வை அந்த இடத்தில் மட்டும் தட்டையாகக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் அவர் காலைப் பற்றிப் பேசவில்லை.

"நியூட்ரல் போட்டுட்டன் மாப்ள," என்றார். "அன்னைக்கு மட்டும் இல்ல. ரெண்டு மாசமா போட்டுக்கிட்டுதான் இருந்தன்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு இறக்கத்துக்கு அரை லிட்டர் மிஞ்சுமா என்பதே சந்தேகம் என்று அவரே முன்பு எனக்குச் சொல்லிக்கொடுத்தவர். அந்த அரை லிட்டரும் வேண்டியிருந்திருக்கிறது.

மறுநாள் நானும் அக்காவும் ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு கடையில் இட்லி வாங்க நின்றோம். நான் அதுவரை அடக்கி வைத்திருந்ததைச் சொன்னேன். நான்தான் அவரைக் கேட்கச் சொன்னேன், என்னால்தான் இது ஆனது என்றேன். அக்கா என் முகத்தைப் பார்க்காமல் பார்சல் கட்டுகிறவரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ சொன்னதுல என்னடா தப்பு? நம்ம காசத்தான கேட்டாரு," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஒங்க கம்பெனியில எப்படி? இப்படி எதாச்சும் பண்ணினா நீ கேப்பியா?" என்றாள்.

"அங்க அப்படியெல்லாம் பண்ண மாட்டாங்கக்கா," என்றேன்.

"அதான. அதுக்குத்தான அவ்வளவு தூரம் போன," என்று சொல்லிவிட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நடந்தாள். அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே ஆறுதலாகச் சொன்னாள். அதற்கப்புறம் நான் ஊரில் இருந்த பன்னிரண்டு நாளும் அவளுக்கு எதிரே உட்கார்ந்து சோறு தின்ன முடியவில்லை.

திரும்பி வந்த முதல் வாரமே கம்பெனி மேனேஜரிடம் போய்க் கேட்டேன். தைரியம் வந்து கேட்கவில்லை; கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டேன். டிரான்ஸ்போர்ட் ஆபீசில் மாமாவுக்கு டீ கிடைத்தது, எனக்குக் காப்பி. மேனேஜர் அமைதியாகச் சொன்னார், எல்லாம் நீ கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் இருக்கிறது, நீ எங்கள் வேலையாள் அல்ல, நீ தனி முதலாளி, பிடிக்கவில்லை என்றால் வேறு கம்பெனிக்குப் போகலாம் என்று. மாமாவைப்போல யாரும் என் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தவில்லை. ஆனால் அந்த மாதத்திலிருந்து போகும்போது லோடும் வரும்போது காலி வண்டியுமாக ஒதுக்கினார்கள். காலியாக ஓடும் மைலுக்கு இங்கே சர்சார்ஜ் கிடையாது. அந்த டீசல் முழுக்க என் தலையில். டோனா மட்டும் ஃபோனில் பேசும்போது முன்னைவிட அன்பாகப் பேசினார். காலி ஓட்டத்தை என் பெயரில் போடுகிறவர் அவர்தான் என்பதால், அந்த அன்பு எதற்கு என்று எனக்குப் புரிந்தது. கடன் முடிய இன்னும் மூன்று வருடம் இருப்பதால் அங்கேதான் ஓடிக்கொண்டிருக்கிறேன். அக்காவிடம் இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை.

மாமா இப்போது கடத்தூரில் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். லாரி பழைய இரும்புக்குப் போய்விட்டது. ஊரில் சாயங்காலம் ஆகும்போது எனக்குக் காலை. தினமும் அந்த நேரத்துக்குக் கூப்பிடுகிறார். நலம் விசாரிப்பதெல்லாம் ஒரு நிமிடம். அதன் பிறகு, "பேச வேணாம் மாப்ள. நீ பாட்டுக்கு ஓட்டு. சத்தம் கேட்டுக்கிட்டு இருக்கறன்," என்பார். ஃபோன் முன்னால் தாங்கியில் இருக்கும், சத்தம் சீட்டுக்குப் பின்னால் உள்ள ஸ்பீக்கரில் வரும். இருநூறு மைல் பனிவெளியில் நான் காலி வண்டியை ஓட்டிக்கொண்டு போவேன். என் என்ஜின் சத்தம் கடத்தூர் வாசலில் ஓடும். அவர் மூச்சு மட்டும் இந்தப் பக்கம் கேட்கும். சென்ற வாரம் அப்படி ஒரு காலையில், எனக்கு முன்னும் பின்னும் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு வண்டியும் இல்லாத ரோட்டில், முதுகுக்குப் பின்னால் பஸ் ஹாரன் அலறியது. வழிவிடச் சொல்லி நம் ஊர் டவுன் பஸ் அடிக்கும் ஹாரன். அது மாமாவின் வாசலைத் தாண்டிப் போகிற பஸ் என்று புத்திக்கு எட்டுவதற்குள், என் கை ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்து, இல்லாத பஸ்ஸுக்கு வழி விட்டிருந்தது. வலப்பக்கம் ஓட வேண்டிய நாட்டில், நடுக்கோட்டின்மேல் என் வண்டி போய்க்கொண்டிருந்தது.