கையுறையோடு கும்பிடக் கூடாது

அம்புலன்ஸில் வேலை செய்கிறவளுக்கு ஜெர்மனியில் தெருவே விலகி வழிவிடும். அந்த வேலையைப் படிக்கிறவளுக்கு ஒரு பொம்மைகூட வழிவிடாது.

என் பெயர் வதனி. வயது நாற்பத்திமூன்று. கல்யாணம் செய்து டோர்ட்முண்ட் பக்கம் வந்து, ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் வருடக்கணக்காக உருளைக்கிழங்கு அவித்தவள். ஒரு நாள் சாப்பாட்டு மேசையிலேயே ஒரு கிழவர் மூச்சடைத்து விழுந்தார். அம்புலன்ஸில் வந்த பெண் அவரைத் திரும்ப மூச்சுவிட வைத்தாள். நான் அகப்பையும் கையுமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கே வீட்டுக்கு வந்து என் புருஷனிடம் சொன்னேன், நானும் இதைப் படிக்கப் போகிறேன் என்று. இவர் சோற்றில் கைவைத்தபடி, "படியன்" என்றார். அவ்வளவுதான் நடந்தது.

மூன்று வருடத் தொழிற்படிப்பு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அம்புலன்ஸ் நிலையம் என்று மாறி மாறி ஓட வேண்டும். கடைசியில் அரசாங்கச் சோதனை. அதில் ஒரு பகுதியில் தவறினால் அதை ஒரே ஒரு தரம் திரும்பச் செய்யலாம். அதிலும் தவறினால் திரும்பவும் உருளைக்கிழங்குதான். நாற்பதுக்குப் பிறகு வாசிப்புக் கண்ணாடியோடு வகுப்பில் குந்தியிருந்த சகோதர சகோதரிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள்.

அரிசி மூட்டை

படிப்பில் சேர முதலே உடம்புக்கு ஒரு சோதனை. பெரிய ஆள் ஒருவரின் பாரமுள்ள பொம்மையை, நோயாளியை இருத்தித் தூக்கும் கதிரையில் கட்டி, இரண்டு பேராக மூன்று மாடி ஏற்றி இறக்க வேண்டும். எனக்குச் சோடியாக வந்தவன் யோனாஸ். பத்தொன்பது வயது, கழுத்தும் தோளும் ஒன்றாகிப்போன உடம்பு. என்னைப் பார்த்ததும் அவன் முகத்தில் தெரிந்த கவலையை நான் இன்னும் மறக்கவில்லை. பாரமான பக்கத்தைத் தானே பிடிப்பதாகச் சொன்னான். நல்ல பிள்ளை.

இரண்டாம் மாடியில் அவனுக்கு மூச்சு வாங்கியது. எனக்கு வாங்கவில்லை. தமிழ்க் கடையில் இருபது கிலோ அரிசி மூட்டை வாங்கி, லிஃப்ட் இல்லாத வீட்டில் நாலாம் மாடிக்கு வருடக்கணக்காக ஏற்றியிருக்கிறேன். எங்கே முழங்காலை மடிக்க வேண்டும், எந்தப் படியில் கை மாற்ற வேண்டும் என்று உடம்புக்கே தெரியும். அரிசி மூட்டைக்குக் கைபிடி இல்லை, கதிரைக்கு இருக்கிறது. எனக்கு அது சொகுசாகத்தான் இருந்தது. கீழே வந்ததும் யோனாஸ் படியில் குந்தியிருந்து தண்ணீர் குடித்துவிட்டு, மரியாதையோடு கேட்டான்: "நீங்கள் எந்த ஜிம்முக்குப் போகிறீர்கள்?"

திறப்புக்கோர்வை

எங்கள் ஆசிரியை ஃபிராவ் பெக்கர் தலை நரைத்தவர், சிரிக்காமல் பகிடி விடுகிறவர். வலிப்பு வந்தவரை எப்படிப் பார்ப்பது என்று ஒரு வாரம் படிப்பித்தார். சுற்றியுள்ள சாமான்களை விலக்கு, தலையைக் காப்பாற்று, அமுக்கிப் பிடிக்காதே, மணிக்கூட்டைப் பார். எல்லாவற்றையும் மூன்று நிறத்தில் எழுதிப் பாடமாக்கியிருந்தேன். பிறகு செய்முறை. யோனாஸ் நிலத்தில் விழுந்து உதறத் தொடங்கினான். நன்றாக நடித்தான், பாவி.

நான் கதிரையைத் தள்ளினேன், தலைக்குக் கீழே ஜாக்கெட்டை வைத்தேன். நேரம் பார்ப்பதற்கு முன்னால் என் கை தானாகச் சட்டைப்பைக்குள் போய், வீட்டுச் சாவிகள் கோத்த திறப்புக்கோர்வையை எடுத்து, யோனாஸின் கைக்குள் வைத்து, விரல்களை மூடிவிட்டது. அவனும் அதைப் பிடித்தபடியே உதறினான். வகுப்பு முழுக்கத் திறப்புகள் கிலுகிலுவென்று ஆடும் சத்தம். எங்கள் பக்கத்தில் வலிப்பு வந்தால் இரும்பு கொடுப்பார்கள் என்று நான் விளக்கம் சொன்னேன். அது எதற்கும் உதவாது என்று மூன்று நிறத்தில் எழுதி வைத்திருந்ததும் நான்தான். ஃபிராவ் பெக்கர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சரி, திறப்பு கொடுத்தாயிற்று. இனி அவர் எந்தக் கதவைத் திறக்க வேண்டும்?"

பொம்மைக்கு ஒரு கும்பிடு

திறப்புப் பழக்கம் ஒரே நாளில் போய்விட்டது. போகாத பழக்கம் வேறொன்று. உங்களுக்கும் இருக்கும், இல்லையென்று சொல்லாதீர்கள். யார் மேலாவது கால் பட்டால் உடனே குனிந்து அவர்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோமே, அதுதான். பஸ்ஸில் வெள்ளைக்காரரின் சப்பாத்தில் என் கால் பட்டு, நான் அவரைத் தொடப் போக, அவர் கைப்பையை இறுக்கிப் பிடித்த கதையெல்லாம் உண்டு.

இதயம் நின்றவருக்கு நெஞ்சை அமத்தும் பயிற்சி. பொம்மை தரையில் கிடக்கிறது. அதன் சட்டையில் செயற்கை இரத்தமும் செயற்கை வாந்தியும். நான் அவசரமாக முழங்காலில் இருக்கப் போக, சப்பாத்து பொம்மையின் தோளில் பட்டுவிட்டது. அவ்வளவுதான். கையுறை போட்ட கையால் தோளைத் தொட்டேன், இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன். எழும்பும்போது என் இமையில் செயற்கை வாந்தி. உண்மையான நோயாளியாக இருந்திருந்தால் அவருடைய கிருமியெல்லாம் என் கண்ணுக்குள். ஃபிராவ் பெக்கர் கண் கழுவும் போத்தலை நீட்டியபடி சொன்னார்: "வதனி, அவர் இன்னும் சாகவில்லை. பிரார்த்தனையைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்."

இரண்டு என்றால் எவ்வளவு?

நானும் ஒரு நாள் கெட்டிக்காரியாக இருந்தேன் என்று சொல்லாமல் விட்டால் என் மகள் கோபிப்பாள். இரண்டாம் வருடம், ஒரு காலை. என்னை அம்புலன்ஸில் வைத்துப் பழக்கியவர் மார்ட்டின். நெஞ்சு நோ என்று அழைப்பு. கதவைத் திறந்தது எங்கள் ஆட்களில் ஒரு அக்கா. என்னைக் கண்டதும் வீட்டுக்காரரின் நெஞ்சு நோவை மறந்து, "பிள்ளை தமிழோ?" என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் போனார். அவருடைய புருஷன் ஷேர்ட்டும் போட்டு, தலையும் சீவி, சோபாவில் விருந்தாளி மாதிரி இருந்தார். அறுபது வயதிருக்கும். நெற்றியில் வியர்வை.

மார்ட்டின் முறைப்படி கேட்டார், நோவுக்குப் பூச்சியத்திலிருந்து பத்து வரை எத்தனை கொடுப்பீர்கள் என்று. அண்ணை யோசித்து, "ரெண்டு" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "ஒண்டுமில்லைப் பிள்ளை. இவதான் சும்மா பயந்துபோய்ப் போன் அடிச்சவ. உங்களுக்கு வீண் கரைச்சல்" என்றார். எங்கள் ஆட்கள் 'ஒண்டுமில்லை' என்று எப்போது சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாதா? இந்த 'இரண்டு' எங்கள் ஊர் இரண்டு, அதை நம்பாதீர்கள் என்று மார்ட்டினிடம் சொன்னேன். அவர் உடனே நெஞ்சில் ஒட்டும் இ.சி.ஜி. வயர்களை எடுத்தார். மாரடைப்புத்தான். காகிதத்தில் கோடு வந்த விதத்தைப் பார்த்ததும் மார்ட்டின் ஆஸ்பத்திரிக்குப் போன் அடித்தார்.

அண்ணை பிழைத்தார். பிறகு ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்கு வந்து, சனத்துக்குள் என்னைத் தேடிப் பிடித்து வறுத்த கச்சான் கடலை வாங்கித் தந்தார். அதை நினைத்தால் இப்போதும் மனம் நிறைகிறது. ஆனால் அன்று நாங்கள் அவரைக் கட்டிலில் படுக்கவைத்து, ஒட்சிசன் போத்தலும் பெட்டியுமாக வாசலால் இறக்கும்போது, தட்டோடு வழியை மறித்து நின்ற அக்கா கேட்டது இதுதான்: "என்ன பிள்ளை, தேத்தண்ணி குடியாமல் போறியளோ?"

அந்த ஒரு பகுதி

இனிச் சிரிப்பில்லாத பாகம். எழுத்தில் தேறினேன். வாய்மொழியிலும் தேறினேன். செய்முறையில் இதயம் நின்ற நோயாளி. சோதகர்கள் மூன்று பேர் மேசைக்குப் பின்னால், யோனாஸ் எனக்கு உதவியாள், தரையில் அதே பொம்மை. முழங்காலில் இருக்கும்போது கால் பட்டது. கை போனது. கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஒரு சோதகர் குனிந்து என்னவோ எழுதினார். அவர் என்ன எழுதுகிறார் என்று யோசித்ததில் எனக்கு எல்லாம் குழம்பிவிட்டது.

மின் அதிர்ச்சி கொடுக்கும்போது எல்லோரும் நோயாளியை விட்டு விலகிவிட்டார்களா என்று பார்த்து, சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் பொத்தானை அமத்த வேண்டும். நான் பார்க்கவுமில்லை, சொல்லவுமில்லை. யோனாஸின் கை பொம்மையின் நெஞ்சில் இருந்தது. உண்மையென்றால் அவனும் பக்கத்தில் கிடந்திருப்பான். அந்தப் பகுதியில் தவறிவிட்டேன் என்றார்கள். பிழை அவர்களுடையதல்ல, நியாயமான முடிவுதான். கழிப்பறைக்குள் போய் நன்றாக அழுதேன். மூன்று வருடம், மூன்று நிறப் பேனைகள், நான் இல்லாத நாட்களில் வீட்டில் எல்லோரும் தாங்களே சமைத்துச் சாப்பிட்ட பாஸ்தா எல்லாம் ஒரு சப்பாத்து நுனியில் போய்விட்டதே என்று இருந்தது. இன்னும் ஒரே ஒரு தரம் மிச்சம். வெளியே காத்து நின்ற யோனாஸ் தன் உள்ளங்கையைக் காட்டிச் சொன்னான்: "பாருங்கள், நான் உயிரோடுதான் இருக்கிறேன்."

வீட்டுப் பொம்மை

கால் படாமல் இருக்கப் பழகலாம் என்று பார்த்தேன், சரிவரவில்லை. அவசரத்தில் கால் எங்காவது பட்டே தீரும். ஆகவே கும்பிடாமல் இருக்கப் பழக வேண்டும். இவர் வரவேற்பறைக் கம்பளத்தில் நீட்டி நிமிர்ந்து படுத்தார். மகள் அபிராமி சோபாவில் இருந்து கணக்கு வைத்தாள். நான் ஓடிவருவேன், முழங்காலில் இருப்பேன், இவரின் தோளில் கால் படும், கை போகும், அபிராமி "அம்மா!" என்று கத்துவாள். திரும்ப முதலிலிருந்து. கையைக் கடித்துப் பார்த்தேன், வாயில் எண்ணிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. தொடாமல் விட்டால் மனம் அடுத்த வேலைக்குப் போகவே மறுத்தது.

ஒரு வாரம் உதை வாங்கிய பிறகு இவர் படுத்தபடியே முகட்டைப் பார்த்துச் சொன்னார், "மனசுக்கு மன்னிப்புக் கேக்கவேணும், அவ்வளவுதானே. கையால கேக்காதையப்பா, வாயால கேள்." அடுத்த தரம் ஓடிவந்து, கால் பட்டதும், "மன்னிச்சுக்கொள்ளுங்கோ, கால் பட்டிட்டுது" என்று வாய்விட்டுச் சொன்னேன். கை அந்தரத்தில் நின்றது. பிறகு ஒழுங்காக நெஞ்சின் மேல் போய் இறங்கியது. அபிராமி கைதட்டினாள். இவர் விலாவைத் தடவிக்கொண்டு எழும்பி இருந்தார்: "கல்யாணம் கட்டின நாளுக்கு இண்டைக்குத்தான் நீ என்னட்டை வாயால மன்னிப்புக் கேட்டிருக்கிறாய்."

கடைசித் தரம்

அதே அறை, அதே மேசை, அதே மூன்று பேர். யோனாஸ் தேறி வேலைக்குப் போய்விட்டான், ஆனாலும் எனக்கு உதவியாளாக நிற்கலாமா என்று கேட்டு, லீவு போட்டு வந்திருந்தான். பொம்மையை இந்த முறை கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடத்தியிருந்தார்கள். கால் படாமல் போக அங்கே பூனையால்கூட முடியாது. பட்டது. என் கை எழும்பியது. அதை அப்படியே நிறுத்தி, பொம்மையின் முகத்தைப் பார்த்து, நல்ல ஜெர்மன் மொழியில், "மன்னித்துக்கொள்ளுங்கள், என் கால் பட்டுவிட்டது" என்றேன். மேசைக்குப் பின்னால் பேனைகள் நின்றன. எனக்குக் கவலையில்லை. மனம் சுத்தமாகிவிட்டது, இனி வேலைதான். நெஞ்சை அமத்தினேன், மூச்சுக் கொடுத்தோம், மின் அதிர்ச்சிக்கான ஒட்டுகளை ஒட்டினேன், யோனாஸின் இரண்டு கையையும் பார்த்தேன். "எல்லோரும் விலகுங்கள்!" என்று நான் கத்திய கத்தில் சோதகர்களும் கதிரையைப் பின்னால் இழுத்தார்கள்.

வெளியே நிற்கச் சொல்லி, திரும்பக் கூப்பிட்டார்கள். போன முறை குனிந்து எழுதியவர் எழும்பிக் கை கொடுத்தார்: "நாடித்துடிப்பு இல்லாதவரிடம் மன்னிப்புக் கேட்ட ஆளை இன்றுதான் பார்க்கிறேன். அவர் ஆட்சேபிக்கவில்லை, நாங்களும் ஆட்சேபிக்கவில்லை. தேறிவிட்டீர்கள்."

எல்லோரும் கோப்பி குடிக்கப் போன பிறகு நான் மட்டும் அந்த அறைக்குத் திரும்பிப் போனேன். கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டேன், கிருமிநாசினி விட்டு விதிப்படி கையைத் தேய்த்தேன், குனிந்து பொம்மையின் தோளைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன். கிருமிநாசினி கண்ணில் பட்டு எரிந்தது. என்னைத் தேடி வந்த யோனாஸ் வாசலில் நின்று, ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டான். கண் எரிகிறது என்றேன். பாதி உண்மை.

மூன்று வருடம் படித்து, ஒரு தரம் தவறி நான் தெரிந்துகொண்டது என்னவென்றால், கும்பிடுகிற பழக்கத்தை விட வேண்டியதேயில்லை, கை காய்ந்த பிறகு கும்பிட்டால் போதும்.